ஓதச் சுவரும் தட்டாத கதவும்

குடிக்கூலிக்கு இருப்பவர்களிடம் அவர்களுடைய குறை என்னவென்று கேட்டால் இரண்டு குறைகள் முந்திக்கொண்டு வரும். சுவர் ஓதம் காக்கிறது என்பது ஒன்று. வீட்டுக்காரர் நினைத்த நேரத்தில் உள்ளே நுழைகிறார் என்பது மற்றொன்று. முதலாவது கொத்தனாரைச் சேர்ந்த காரியம் போலவும், இரண்டாவது குணத்தைச் சேர்ந்த காரியம் போலவும் தோன்றும். இவற்றைப் பற்றி எழுதிய ஆசிரியர்களும் அவ்வாறே தனித்தனியாக வைத்து எழுதினார்கள். ஓதத்தை வறுமையின் அடையாளமாகவும், வீட்டுக்காரரின் தலையீட்டை நகைச்சுவைக்குரிய பொருளாகவும் கையாண்டார்கள். இவ்விரண்டும் ஒரே அநீதியிலிருந்து பிறப்பவை என்பதும், அதைக் கண்டுகொள்ளாமையே இவ்வகை இலக்கியத்தின் பெருங்குறை என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

இதனை ஆராய ஆங்கில இலக்கியத்தை எடுத்துக்கொள்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. பிரிட்டனின் குளிரும் மழையும், பழைய செங்கல் வீடுகளும் ஓதத்துக்கு உற்ற துணைவர்கள். முதல் உலகப் போருக்கு முன்னர் அந்நாட்டுக் குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவை தனியாரிடம் வாடகைக்கே குடியிருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும், பாகிஸ்தானிலிருந்தும், இந்தியாவிலிருந்தும், இலங்கையிலிருந்தும் போய்க் குடியேறியவர்களுள் மிகப் பலர் முதலில் படுத்து எழுந்ததும் அத்தகைய வாடகை அறைகளில்தான். ஆதலால் ஓதச் சுவரும் வீட்டுக்காரரும் அந்த இலக்கியத்தில் நூறாண்டுகளுக்கு மேலாக இடம்பெற்று வருகின்றனர்.

எந்த அளவுகோலைக் கொண்டு அவற்றை அளப்பது என்பது அடுத்த கேள்வி. அதை நம் வீட்டிலேயே தேடலாம்.

நம்மிடமுள்ள அளவுகோல்

வாடகை ஒப்பந்தத்தை நம்முடைய ஃபிக்ஹு நூல்கள் ‘இஜாரா’ என்கின்றன. ஒரு பொருளின் பயனைக் குறித்த காலத்துக்குக் குறித்த கூலிக்கு விற்பதே இஜாராவின் சுருக்கமான இலக்கணம். பொருள் உடையவரிடமே இருக்கிறது. அதன் ‘மன்ஃபஅத்’, அதாவது பயன், கூலி கொடுத்தவருக்குப் போய்விடுகிறது. வீட்டின் சுவரும் கூரையும் ஒருவருடையவை. அதில் வாழ்தல் என்பது தவணை முடியும் வரை இன்னொருவருடையது. இந்த ஒரு பிரிவினையைச் சரியாக மனத்தில் கொண்டால் இரண்டு விதிகள் அதிலிருந்து தாமாகவே பிறக்கின்றன.

முதல் விதி: விற்ற பயன் இருக்கவேண்டும். ஷாஃபிஈ மத்ஹபின் பெருநூல்களுள் ஒன்றான ‘மின்ஹாஜ்’ என்னும் நூலில் இமாம் நவவி (ரஹ்) அவர்கள், வீட்டைச் செப்பனிடுவது வாடகைக்கு விட்டவரைச் சேர்ந்தது என்றும், அவர் விரைந்து செப்பனிடாவிட்டால் ஒப்பந்தத்தை விட்டு விலகும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு என்றும் எழுதியிருக்கிறார்கள். ஹனஃபி மத்ஹபைத் தழுவி உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்து வெளியிட்ட ‘மஜல்லா’ என்னும் சட்டத் தொகுப்பும் இதே வழியில் செல்கிறது. ஆனால் அது ஒரு நுட்பமான நிபந்தனையைச் சேர்க்கிறது. வீட்டை எடுக்கும்போதே குறையைப் பார்த்து ஒப்புக்கொண்டவர், பின்னர் அதையே காரணம் காட்டி வெளியேற முடியாது என்பது அந்நிபந்தனை. நியாயமான நிபந்தனைதான். ஆயினும் ஓதம் காத்த சுவருக்குப் புதுச்சாயம் பூசிக் கோடைக்காலத்தில் வீட்டைக் காட்டும் ஒருவரை எண்ணிப் பார்த்தால், குறை கண்ணுக்குப் பட்டதா, மறைக்கப்பட்டதா என்ற கேள்வியிலேயே நீதி முழுவதும் அடங்கியிருப்பது விளங்கும். விற்கும் சரக்கின் குறையை மறைப்பது நம் மார்க்கத்தில் வணிகக் குற்றம் என்பதை நினைவூட்டத் தேவையில்லை.

இரண்டாவது விதி நுழைவைப் பற்றியது. தம்முடையதல்லாத வீடுகளில், அனுமதி பெற்று அங்குள்ளோருக்கு ஸலாம் உரைக்காமல் நுழையக்கூடாதென்றும், திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டுமென்றும் திருக்குர்ஆனின் 24-ஆவது அத்தியாயமாகிய சூரத்துந் நூர், 27, 28-ஆம் வசனங்களில் விதிக்கிறது. “வீடு என்னுடையதுதானே, எனக்கென்ன அனுமதி?” என்று உடைமையாளர் கேட்கலாம். இந்தக் கேள்வியை நம் விரிவுரையாளர்கள் நூற்றாண்டுகளுக்கு முன்பே எதிர்பார்த்துவிட்டார்கள். நம் மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டுவரும் தஃப்ஸீரின் ஆசிரியரான இமாம் பைளாவி (ரஹ்) அவர்கள், இங்கே ‘தம்முடைய வீடு’ என்பது தாம் குடியிருக்கும் வீட்டையே குறிக்கும் என்றும், வாடகைக்கு விட்டவரும் இரவலாக விட்டவரும்கூட அனுமதியின்றி நுழையலாகாது என்றும் விளக்குகிறார்கள். அடுத்த வசனம் இதை மேலும் தெளிவாக்குகிறது. ஒருவருடைய பொருள்கள் இருக்கும் வீட்டில் அவர் அனுமதியின்றி நுழையலாம் என்று அது விலக்கு அளிக்கிறது. ஆனால் அந்த விலக்கு யாரும் குடியில்லாத வீட்டுக்கு மட்டுமே உரியது. பொருள் யாருடையது என்பதன்று, உள்ளே மனிதர் வாழ்கிறாரா என்பதே அங்கே கணக்கு.

ஆட்சியாளருக்குக்கூட இதில் விலக்கில்லை. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் ஒரு வீட்டின் மதிலேறி உள்ளே சென்று குற்றம் செய்துகொண்டிருந்தவனைக் கண்ட நிகழ்ச்சியை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் எடுத்துரைக்கிறார்கள். தான் செய்தது ஒரு குற்றமென்றால், துருவிப் பார்த்தது, வாசல் வழி வராதது, அனுமதி பெறாதது என்று அமீருல் மூமினீன் செய்தவை மூன்று என அம்மனிதன் எடுத்துக்காட்டினான். கலீஃபா அவர்கள் அவனை விட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

ஆக, உடைமையாளரின் கடமை சுவரோடும் கூரையோடும் நிற்கிறது. அவருடைய உரிமை வாசற்படியில் நின்றுவிடுகிறது. ஓதத்தைக் கவனிக்காதவர் முதல் விதியை மீறுகிறார். தட்டாமல் நுழைபவர் இரண்டாவதை மீறுகிறார். இருவரும் பெரும்பாலும் ஒருவரே. தான் விற்றுவிட்ட ஒன்றை விற்றதாக அவர் மனம் ஒப்பவில்லை. அதனால் வரவேண்டிய காரியத்துக்கு வராமல், வரக்கூடாத நேரத்தில் வந்து நிற்கிறார். இந்த அளவுகோலோடு இனி நூல்களுக்குள் புகுவோம்.

பெர்னாட்ஷாவின் மேடை

பெர்னாட்ஷாவின் முதல் நாடகம் ‘விடோயர்ஸ் ஹவுசஸ்’ 1892-இல் லண்டனில் அரங்கேறியது. சேரி வீடுகளை வாடகைக்கு விட்டுப் பணம் சேர்த்த சார்ட்டோரியஸ் என்பவரின் மகளை மணக்க விரும்பும் டிரெஞ்ச் என்ற இளம் மருத்துவன், அந்தப் பணத்தின் ஊற்றை அறிந்து அருவருப்படைகிறான். தன்னுடைய வருமானமும் அதே வீடுகளின் மேலுள்ள அடமானத்திலிருந்துதான் வருகிறது என்று பின்னர் தெரியவருகிறது. அவனுடைய அறச்சீற்றம் அதோடு அடங்கிவிடுகிறது. வாடகை வசூலிக்கும் லிக்சீஸ் என்பவன், இடிந்துகிடந்த மாடிப்படியைப் பழுதுபார்க்கச் சிறிது பணம் செலவழித்துவிட்டான் என்பதற்காக வேலையை இழக்கிறான். செப்பனிட்டது குற்றமாகிப்போன அந்த ஒரு நிகழ்ச்சியில், வாடகைத் தொழிலின் கணக்குப் புத்தகம் முழுவதையும் ஷா திறந்து காட்டிவிடுகிறார்.

அவர் கண்டது பெரிய உண்மை. தீமை ஒரு கொடியவனின் நெஞ்சில் மட்டும் இல்லை. அது வருமானமாகி, அடமானமாகி, கண்ணியவான்களின் பையில் போய்ச் சேருகிறது. வட்டியின் தீமையை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். ஆயினும் இந்நாடகத்தின் பாத்திரங்களை எண்ணிப் பாருங்கள். வீட்டுக்காரர் இருக்கிறார், மகள் இருக்கிறாள், மருத்துவன் இருக்கிறான், வசூல்காரன் இருக்கிறான், பரிசாரகனும் வேலைக்காரியும்கூட இருக்கிறார்கள். குடியிருப்பவர் ஒருவர்கூட மேடைக்கு வருவதில்லை. எந்தச் சுவருக்காக இத்தனை வாதமும் நடக்கிறதோ, அந்தச் சுவரோரம் படுப்பவரின் குரலை நாம் கேட்பதே இல்லை. ஷா முதல் விதியின் மீறலை உரக்கச் சொன்னார்; ஆனால் அவ்வீட்டின் கதவை அவர் தட்டவில்லை.

ஆர்வெலின் குறிப்பேடு

கதவைத் தட்டியவர் ஜார்ஜ் ஆர்வெல். வட இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளர் ஊர்களில் 1936-இல் சுற்றி, 1937-இல் அவர் வெளியிட்ட ‘தி ரோட் டு விகன் பியர்’ என்னும் நூலில், தாம் பார்த்த வீடுகளைப் பற்றிய குறிப்புகளை அப்படியே வரிசையாகத் தந்திருக்கிறார். அறைகள் எத்தனை, வாடகை எவ்வளவு, கூரை ஒழுகுகிறதா, சுவர் ஈரமா, வீட்டுக்காரர் பழுதுபார்க்கிறாரா, மறுக்கிறாரா என்பவையே அக்குறிப்புகள். உவமைகளால் சொல்லியிருந்தால் மறந்திருப்போம். ஷில்லிங்கிலும் பென்ஸிலும் சொன்னதால் மறக்க முடியவில்லை.

இந்நூலில் இரண்டு இடங்கள் நம் பொருளுக்கு மிக நெருக்கமானவை. அனுமதியற்ற ஓர் அந்நியன் தம் வீட்டுக்குள் வந்து, கூரை ஒழுகுகிறதா, மூட்டைப்பூச்சி உண்டா என்று கேட்டால், தாம் அவனை விரட்டியிருக்கக்கூடும் என்றும், அந்த ஏழை மக்களோ தம்மைப் பொறுமையோடு ஏற்றுக்கொண்டார்கள் என்றும் ஆர்வெல் எழுதுகிறார். இரக்கத்தோடு வருபவரும் அந்த வாசலுக்கு அந்நியரே என்று உணர்ந்த எழுத்தாளர் அவர். உதவி செய்யப் போகிறோம் என்ற எண்ணமே அனுமதியாகிவிடாது என்பதை நம்முடைய ‘சமூகப் பார்வை’ எழுத்தாளர்கள் இவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

மற்றோர் இடத்தில், சேரி வீட்டின் உடைமையாளர் கொழுத்த கொடியவராக இருந்தால் நமக்கு வசதியாக இருக்கும்; உண்மையில் அவர் வாழ்நாள் சேமிப்பை மூன்று சிறு வீடுகளில் போட்டுவிட்டு, ஒன்றில் தானும் குடியிருந்து, மற்ற இரண்டின் வாடகையில் பிழைக்கும் ஏழைக் கிழவியாகவே பெரும்பாலும் இருக்கிறார், அவரிடம் செப்பனிடப் பணம் இருப்பதில்லை என்ற கருத்தைச் சொல்கிறார். நியாய உணர்வு மிக்க பார்வை. வீட்டுக்காரர் என்றாலே கொடியவர் என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் கிழவியின் வறுமை குடியிருப்பவரின் உரிமையை அழித்துவிடுமா என்ற அடுத்த கேள்வியை ஆர்வெல் கேட்கவில்லை. நம் நூல்கள் கேட்கின்றன. செப்பனிட இயலாதவர் மீது அவை சினம் கொள்வதில்லை, குடியிருப்பவரை விடுவித்துவிடுகின்றன. அவ்வாறே, வீடு குடியிருப்பவர் கையில் ‘அமானத்’ என்றும், அதைப் பாழாக்கினால் அவர் ஈடு செய்யவேண்டும் என்றும் சொல்லி மறுபக்க நீதியையும் காக்கின்றன.

மோசசின் ஏற்றமும் இறக்கமும்

குடியிருப்பவரே பேசிய இலக்கியத்துக்கு நாம் 1956 வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. டிரினிடாடில் 1923-இல் பிறந்து, 1950-இல் லண்டன் சென்ற சாமுவேல் செல்வன் எழுதிய ‘தி லோன்லி லண்டனர்ஸ்’ அந்த ஆண்டில் வெளிவந்தது. இவருடைய தந்தை சென்னையிலிருந்து அத்தீவுக்குச் சென்ற கிறிஸ்தவர். பெயரில் இன்றும் தமிழ் ஒலிக்கிறது. மேற்கிந்தியர்களின் பேச்சுமொழியிலேயே கதை சொல்லும் இந்நாவலில், பேய்ஸ்வாட்டர் பகுதியில் வாடகை அறையொன்றில் இருக்கும் மோசஸ் என்பவனிடம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நண்பர்கள் வந்து கூடுகிறார்கள். எரிவாயு அளவுப்பெட்டியில் ஷில்லிங் போட்டால்தான் அறை சூடேறும். கறுப்பருக்கு இடமில்லை என்னும் வீட்டுக்காரர்களைத் தாண்டித்தான் ஓர் அறை கிடைக்கும். இந்நாவலில் வீட்டுக்காரர் அநேகமாக முகமற்றவர். ஆனால் அவர் மறுத்த அறைகளும், கொடுத்த அறைகளும் அந்த மனிதர்களின் வாழ்வை வரையறுக்கின்றன. ஒரே ஓர் அறையில் இத்தனை பேர் வந்து கூடுவதற்குக் காரணம் நட்பு மட்டுமன்று. தனித்தனி அறைகளின் குளிருமாகும் என்பதை ஆசிரியர் சொல்லாமல் சொல்கிறார்.

இவருடைய மேதைமை முழுமையாக வெளிப்படுவது 1975-இல் வந்த ‘மோசஸ் அசெண்டிங்’ என்னும் தொடர்ச்சியில்தான் என்பது என் எண்ணம். மோசஸ் இப்போது ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில், விரைவில் இடிக்கப்பட இருக்கும் பழைய வீடொன்றை வாங்கி, தானே வீட்டுக்காரனாகி, உச்சி மாடியில் போய் அமர்கிறான். நேற்றுவரை தரைக்குக் கீழே இருந்தவன், மேலே ஏறியதும் கீழே இருப்பவர்களின் போக்குவரத்தைக் கவனிக்கத் தொடங்குகிறான். அவனுடைய வீட்டில் குடியிருப்போருள் பாகிஸ்தானியரும் உண்டு. புறக்கடையில் அவர்கள் ஆடு அறுக்கும் காட்சியை ஆசிரியர் நகைச்சுவையாக எழுதியிருக்கிறார். முஸ்லிம் வாசகர்களுக்கு அந்தப் பகுதி உறுத்தலாம். எனக்கும் உறுத்தியது. எனினும் மறுமுறை படித்தபோது, நகைக்கப்படுவது அறுப்பன்று, மாடியிலிருந்து எட்டிப் பார்க்கும் உடைமையாளனின் கண்ணே என்று பட்டது. நாவலின் முடிவில் மோசஸ் மீண்டும் தரைக்கீழ் அறைக்கே வந்து சேர்கிறான்.

ஒடுக்கப்பட்டவன் உடைமை பெற்றால் ஒடுக்குபவனாகிவிடுகிறான் என்ற பழைய பாடத்தைவிட நுட்பமானது இது. உடைமை மனிதனுடைய கண்ணை மாற்றுகிறது. தன் கூரைக்குக் கீழே நடப்பதெல்லாம் தான் அறியத்தக்கது என்று அவனை எண்ணவைக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறைக்குள் கதவின் துவாரம் வழியே ஒருவர் எட்டிப் பார்த்தபோது, அனுமதி கேட்கும் முறை விதிக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்று அவர்கள் கண்டித்ததாக ஸஹீஹ் புகாரியில் காண்கிறோம். காலடி வைப்பதற்கு முன்பே கண் நுழைந்துவிடுகிறது என்ற அந்த உண்மையைச் செல்வன் தம் வழியில் கண்டிருக்கிறார். இரண்டாவது விதியின் மீறலை இவரைப் போல் உள்ளிருந்து எழுதியவர் ஆங்கிலத்தில் அரியர்.

ரிக்ஸ்பியின் மாடிப்படி

செல்வனின் இரண்டாம் நாவல் வெளிவந்த காலத்திலேயே, பிரிட்டிஷ் மக்கள் வாரந்தோறும் இன்னொரு வீட்டுக்காரரைத் தொலைக்காட்சியில் கண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். எரிக் சாப்பெல் தம்முடைய மேடை நாடகத்தை விரித்து எழுதிய ‘ரைசிங் டேம்ப்’ 1974 முதல் 1978 வரை 28 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. தலைப்புக்கு ‘ஏறும் ஓதம்’ என்று பொருள். லெனர்ட் ராசிட்டர் நடித்த ரிக்ஸ்பி, ஓட்டை உடைசல் வீடொன்றின் உடைமையாளர். அவரும் அதே வீட்டில் இருக்கிறார். குடியிருப்பவர்களின் அறைக்குள் தட்டாமல் நுழைவதும், அவர்களுடைய உறவுகளில் மூக்கை நுழைப்பதும் அவருடைய அன்றாடக் கடமைகள். குடியிருப்போருள் ஒருவனான பிலிப், தன்னை ஆப்பிரிக்கத் தலைவர் ஒருவரின் மகன் என்று சொல்லிக்கொள்ளும் கறுப்பின மாணவன்.

ராசிட்டரின் நடிப்பு மேன்மையானது. ரிக்ஸ்பியின் தனிமையை அவர் காட்டியதால்தான், தொல்லை கொடுக்கும் அம்மனிதர்மீது நமக்கு வெறுப்பு வருவதில்லை. பிறர் அறைக்குள் அவர் நுழைவது பேச ஆளில்லாததால் என்பது நமக்குப் புரிகிறது. கலையின் வெற்றி அது. அதுவே அதன் வலையும் ஆகும். சிரிப்பு முழுவதும் நுழைபவரின் பக்கம் சேர்ந்துவிடுகிறது. உடை மாற்றும்போதோ, அழும்போதோ, பேசாமல் இருக்க விரும்பும்போதோ கதவு திறந்துகொள்வதை எதிர்பார்த்தே வாழும் மனிதரின் நிலை நகைச்சுவைக்கு வேண்டிய அமைப்பாக மட்டுமே நிற்கிறது. தலைப்பில் ஓதம் இருந்தும், அது யார் நெஞ்சிலும் சளியாக இறங்குவதில்லை.

1980-இல் வந்த திரைப்படத்தில், பிலிப் தலைவர் மகனல்லன், லண்டனின் கிராய்டனைச் சேர்ந்தவன் என்று வெளிப்படுகிறது. நான்காண்டுத் தொடரில் சிரிப்பில் மூடப்பட்டிருந்த துயரம் இந்த ஓர் இடத்தில் தலைகாட்டுகிறது. வாடகையை ஒழுங்காகக் கொடுப்பதனால் மட்டும் கிடைக்கவேண்டிய மரியாதைக்காக, ஓர் இளைஞன் ஓர் அரச குலத்தையே கற்பனை செய்துகொள்ள வேண்டியிருந்தது.

மூச்சின் மீது பழி

இந்நூல்களெல்லாம் தொடாத ஒன்று மிஞ்சியிருக்கிறது. அது ஓதத்தின் காரணத்தைப் பற்றியது. சுவர் மூன்று வழிகளில் நனைகிறது. நிலத்து நீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியே ஏறுவது ஒன்று. அது பொதுவாகத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தை அதிகம் தாண்டுவதில்லை. கூரையோ தூம்போ பழுதுபட்டு மழைநீர் இறங்குவது மற்றொன்று. மூன்றாவது, அறைக் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் பட்டு நீராகப் படிவது. முதலிரண்டும் கட்டடத்தின் குறை என்பதை யாரும் மறுப்பதில்லை. மூன்றாவதில்தான் வழக்குத் தொடங்குகிறது. “நீங்கள் சோறு வடிக்கிறீர்கள், துணியை உள்ளே உலர்த்துகிறீர்கள், சன்னலைத் திறப்பதில்லை” என்று வீட்டுக்காரர் சொல்லிவிடுகிறார். மனிதர் எவ்வீட்டிலும் மூச்சு விடுகிறார்கள், எவ்வீட்டிலும் சமைக்கிறார்கள். அதே மூச்சு நல்ல சுவரில் கறுப்புப் பூஞ்சணமாவதில்லை. சுவர் குளிர்ந்திருப்பதும், காற்றுப் போக வழியில்லாததும், சூடேற்றக் கட்டுப்படியாகாததுமே வேறுபாடு. அவற்றுள் முதலிரண்டும் உடைமையாளரின் பொறுப்பிலுள்ளவை.

சட்டமே இதில் நெடுநாள் தடுமாறியது. 1985-ஆம் ஆண்டு விசித்திரமானது. பிரபுக்கள் சபை அவ்வாண்டு ‘ஸ்ட்ரீட் – மவுண்ட்ஃபோர்டு’ வழக்கில், தனி அனுபோகம் பெற்ற குடியிருப்பாளர் அந்நியரை மட்டுமன்றி வீட்டுக்காரரையும் வெளியே நிறுத்தலாம் என்ற கொள்கையை உறுதி செய்தது. கட்டமைப்பைச் செப்பனிடும் கடமையை வீட்டுக்காரர் மீது வைத்து, பார்வையிட வருமுன் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்ற சட்டமும் அவ்வாண்டில் தொகுக்கப்பட்டது. அதே ஆண்டில், வேல்ஸ் நாட்டில் நகரவை வீடொன்றைப் பற்றிய ‘குயிக் – டாஃப் ஈலி’ வழக்கில், நீர்ப்படிவால் வீடு வாழத் தகாததாகிவிட்டாலும், கட்டடப் பகுதி எதுவும் பழுதடையவில்லையானால் செப்பனிடும் கடமை எழாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கதவு குடியிருப்பவருக்குக் கிடைத்தது, சுவர் கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் அந்த இடைவெளியை அடைத்த சட்டம் 2018-இல் இயற்றப்பட்டு 2019-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இடையில் 1988-ஆம் ஆண்டுச் சட்டம், காரணம் காட்டாமல் இரண்டு மாத அறிவிப்பில் வெளியேற்றும் வழியை விரிவாகத் திறந்துவிட்டிருந்தது. ஓதத்தைப் பற்றி முறையிட்டால் வீடே போய்விடுமோ என்ற அச்சத்தில் எத்தனையோ வாய்கள் மூடிக்கொண்டன. அவ்வழியை அடைக்கும் சட்டம் 2025 அக்டோபரில் ஒப்புதல் பெற்றது; 2026 மே 1 அதன் நடைமுறை நாளாகக் குறிக்கப்பட்டது.

மூச்சின் மீது பழி போட்டதன் விலை என்ன என்பதை ராச்டேல் நகரம் உலகுக்குக் காட்டியது. சூடானிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம் ஒன்றின் இரண்டு வயதுக் குழந்தை அவாப், 2020 டிசம்பரில் இறந்தது. அது தனியார் வீடன்று. வீட்டுவசதிச் சங்கத்தின் வீடு. பூஞ்சணத்தைப் பற்றித் தந்தை 2017-லேயே முறையிட்டார். அதன்மேல் சாயம் பூசிக்கொள்ளும்படி அவருக்குச் சொல்லப்பட்டது. பூஞ்சணத்தை நெடுநாள் சுவாசித்ததால் வந்த மூச்சுக் கோளாறே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் விசாரணை அதிகாரி முடிவு கூறினார். அக்குடும்பத்தின் குளியல் வழக்கமே ஈரத்துக்குக் காரணம் என்று அச்சங்கத்தில் ஊகித்திருந்ததும் வெளிப்பட்டது. வாழ்க்கை முறையைப் பற்றித் தாங்கள் ஊகித்தது தவறென்று சங்கம் பின்னர் ஒப்புக்கொண்டது. அக்குழந்தையின் பெயரால் வந்த சட்டத்தின் முதற்பகுதி 2025 அக்டோபர் 27 முதல் சமூக வீடுகளில் நடைமுறைக்கு வந்தது. ஆபத்தான அவசரக் குறையை 24 மணி நேரத்துக்குள் கவனிக்க வேண்டும் என்பது அதன் விதி. தனியார் வாடகை வீடுகளுக்கும் அதை விரிப்பதற்கு 2025-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்துள்ளது.

சுத்தம் ஈமானில் பாதி என்று கற்பிக்கப்பட்ட சமூகத்தின் குளியலே அதன் குழந்தையின் மரணத்துக்குச் சாட்டாக எண்ணப்பட்டதைவிடக் கசப்பான கதைக்கரு வேறெது? சுவரின் குறையை மூச்சின் குறையாக மாற்றிவிட்டால், செப்பனிட வரவேண்டிய உடைமையாளர் கண்காணிக்க வந்துவிடுகிறார். எப்படிச் சமைக்கிறாய், எப்போது குளிக்கிறாய், எத்தனை பேர் படுக்கிறீர்கள் என்று கேட்கும் உரிமை அவருக்கு வந்துவிடுகிறது. ஓதமும் தலையீடும் ஒன்றாகிவிடும் இடம் இதுவே. இதை எழுதிய ஆங்கில நாவலை நான் இதுவரை படித்ததில்லை.

அறிவிப்பும் அனுமதியும்

சட்டம் நெருங்கி வந்திருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் அறிவிப்பு வேறு, அனுமதி வேறு. 24 மணி நேரத்துக்கு முன் எழுதிப் போட்டுவிட்டால் தம் கடமை தீர்ந்தது என்று எண்ணும் வீட்டுக்காரர், ‘இன்று வேண்டாம், திரும்பிப் போங்கள்’ என்ற சொல்லைக் கேட்கத் தயாராயிருக்கிறாரா என்பதே சோதனை. அந்தச் சொல்லைக் கேட்டுத் திரும்புவதுதான் தூய்மையானது என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. இதை ஆங்கிலேயருக்கு மட்டும் சொல்லவில்லை. பிரிட்டனில் இன்று வீடுகளை வாடகைக்கு விடுவோருள் முஸ்லிம்களும் உண்டு. பள்ளிவாசலில் முதல் வரிசையில் நிற்பவரின் வீட்டுச் சுவரிலும் பூஞ்சணம் படர்கிறது. தம் சாவியால் பிறர் கதவைத் திறப்பவருள் தஸ்பீஹ் மணி உருட்டுபவரும் இருக்கக்கூடும். விருந்தோம்பலைப் பற்றி மேடைதோறும் பேசும் நாம், கூலி கொடுத்துக் குடியிருப்பவரின் உரிமையைப் பற்றி எத்தனை பயான்களில் கேட்டிருக்கிறோம்?

ஹிஜ்ரத்தின்போது மதீனா வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அபூ அய்யூப் அல்-அன்ஸாரி (ரலி) அவர்களின் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்ததை நாமெல்லாம் அறிவோம். அண்ணலார் கீழ்த்தளத்தில், வீட்டுக்குடையவரும் அவருடைய மனைவியும் மேலே. ஓர் இரவு மேலே தண்ணீர்க் குடம் உடைந்துவிட்டது. தங்களிடமிருந்த ஒரே போர்வையைக் கொண்டு கணவனும் மனைவியும் அந்த நீரை ஒற்றி எடுத்தார்கள். ஒரு சொட்டும் கீழே ஒழுகிவிடக்கூடாதே என்பது அவர்களுடைய கவலை. அண்ணலார் விருந்தினர், கூலி கொடுத்துக் குடியிருந்தவரல்லர் என்பது உண்மைதான். விருந்தினருக்குச் செய்வது அன்பு. குடியிருப்பவருக்குச் செய்வது கடன். கடன் அன்பைவிடக் குறைந்த கட்டாயம் உடையதன்று.

ஷா கணக்கைக் காட்டினார். ஆர்வெல் அளவைக் காட்டினார். செல்வன் கண்ணைக் காட்டினார். சாப்பெல் தனிமையைக் காட்டினார். கீழே இருப்பவர்மேல் ஒரு சொட்டு ஒழுகிவிடுமோ என்று தூங்காதிருந்த உடைமையாளரை இவர்களுள் யாரும் காட்டவில்லை. அத்தகையவரை எண்ணிப் பார்க்கத் தெரிந்தவர்தாம் மற்றவர்களின் குறையைச் சரியாக எழுதமுடியும். லண்டனிலும் பர்மிங்காமிலும் வாடகை அறைகளில் இருந்துகொண்டு தமிழில் எழுதும் நம் இளைஞர்கள் இருக்கிறார்கள். ஓதச் சுவரை அவர்கள் உவமையாக்காமல் சுவராகவே எழுதட்டும். கதவு எப்போது திறந்தது, யார் திறந்தார், கேட்டுத் திறந்தாரா என்பதையும் உடன் எழுதட்டும். அந்தக் கதையை அச்சிட இத்தகைய ஏடுகள் காத்திருக்கின்றன.